ஈயம் உருக்கினவங்க வாங்க: இன்னும் மறக்காத ஒரு தடவை

வண்டியூர் வலை:
வீச்சு வலை தண்ணியில முங்க ஓரத்துல கோக்குற ஈய மணி நாங்களே ஊத்துறதுதான். முறை உங்களுக்குத் தெரியும், அதுக்குள்ள போகல. எங்க அச்சு ரெண்டு செங்கல், அரத்தால குடைஞ்சது. ஓட்டைக்கு நடுவுல சைக்கிள் போக்ஸ் கம்பி. மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்ல மறுநாள் மீன்பிடித் திருவிழா, மணி பத்தலைன்னு மாமா அவசரமா அடுப்பைப் பத்த வச்சாரு.

முதல் குழி ஒழுங்கா நெறஞ்சுச்சு. ரெண்டாவதுல ஈயம் உள்ள இறங்காம பால் மாதிரி மேல பொங்குச்சு. அப்புறம் 'டப்'. சத்தம்கூடப் பெருசில்ல. பார்த்தா மாமா வேட்டியில மிளகு மிளகா ஓட்டை, சுவத்துல காலண்டர் முருகன் மேல வெள்ளிப் பொட்டு. மாமா இடது புருவத்துல ஒரு துளி ஒட்டியிருந்துச்சு. அதைத் தட்டிவிட்டாரு, முடியும் சேர்ந்தே வந்துச்சு. இப்பவும் அந்த இடம் மொட்டைதான்.

"கல்லுல பனி இறங்கிருச்சுடா"ன்னாரு. பனி இல்ல. கரி போகட்டும்னு காலையில நான்தான் கல்லைத் தொட்டியில முக்கிக் கழுவுனேன். 11 வருசமாச்சு, இன்னும் அவருகிட்ட சொல்லல.

சோழவந்தான் கெளுத்தி:
எனக்கு வெடிக்கல, கட்டியாப் போச்சு. பஞ்சர் கடையில வாங்குன வீல் வெயிட் (கார் சக்கரம் ஆடாம இருக்க மாட்டுற எடைத் துண்டு) ஒரு டப்பா, அப்படியே சட்டியில கொட்டிட்டேன். கொஞ்ச நேரத்துல மொத்தமும் கூழ். கரண்டியில ஒட்டுது, அச்சுல பாதிதான் ஏறுது. ஈயத்தோட துத்தநாகம் கலந்திருக்கு. பாதிக்கு மேல வீணாப் போச்சு, அதைவிட அன்னிக்கு அப்பா ஒரு வார்த்தை திட்டாம என்னையே பார்த்தது இருக்கே.

அரத்தூள்:
@வண்டியூர், செங்கல்தான் தப்பு. எங்க வீட்டுல இரும்பு அச்சுதான், ஒரு நாளும் இப்படி ஆனதில்ல. என் கதை இவ்வளவுதான், ஒரு துளி செருப்புல விழுந்துச்சு, செருப்பு போச்சு.

ஆனா சிலது சொல்லியே ஆகணும். ஈயம் உருக 327 டிகிரி. தண்ணி ஆவியானா ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். ஈயத்துக்கு மேல விழுற சொட்டு சீறிட்டுப் போயிரும். அடியில மாட்டுன சொட்டுதான் வெடிக்கும். அதனால அச்சு, கரண்டி, சட்டியில போடுற துண்டு எல்லாத்தையும் அடுப்புப் பக்கத்துல வச்சுக் காய வைங்க. வீல் வெயிட்டா, கட்டிங் பிளேயரால கடிச்சுப் பாருங்க. ஈயம்னா ஆழமாத் தடம் விழும், துத்தநாகத்துல லேசாத்தான் விழும். துத்தநாகம் உருக 419 வேணும், சூட்டை அடக்கி வச்சா அது மேல மிதக்கும், அரிச்சு எடுத்துரலாம். பழைய பேட்டரித் தகட்டை மட்டும் தொடாதீங்க, அந்தக் கசடுல ஆர்சனிக் இருக்கும். வெட்டவெளியில காத்துக்கு முதுகு காட்டி உக்காருங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம பீடியக்கூடத் தொடாதீங்க. பிள்ளைகளைப் பக்கத்துலயே விடாதீங்க, அதுக ஒடம்புல ஈயம் ஏறுனா மூளையக் கெடுக்கும்.

வடக்குமாசி ஆச்சி பேரன்:
இவ்வளவு பயமுறுத்துறீங்க, எங்க ஆச்சி ஈயச் சொம்புலதான் 40 வருசமா ரசம் வச்சாங்க. ஒருநாள் சீரியல் பார்த்துக்கிட்டே வெறும் சொம்பை அடுப்புல வச்சுட்டாங்க. போய்ப் பார்த்தா பர்னர் மேல வெள்ளியா ஓடிக் கெடக்கு, கழுத்து வளையம் மட்டும் முழுசா. அழுகல, "கல்யாணச் சீரு"ன்னு ஒரு தடவ சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி ரசம் வைக்கல.

அரத்தூள்:
தம்பி, அது வெள்ளீயம். 232 டிகிரியிலயே உருகிரும், வேற உலோகம். நாங்க பேசுறது காரீயம். காரீயத்துல சொம்பு செஞ்சு ரசம் வச்சிருந்தா ஆச்சி கதையே வேற. இப்ப கடையில கனமா, மங்கலா ஒண்ணு வச்சிருந்தா வாங்கும்போது பார்த்து வாங்குங்க.

வடக்குமாசி ஆச்சி பேரன்:
கதை கேட்டா பாடம் எடுக்குறீங்களே அண்ணே.

சோழவந்தான் கெளுத்தி:
@அரத்தூள், இரும்பு அச்சும் மழைக்காலத்துல வேர்க்கும். செங்கல்லை மட்டும் சொல்லாதீங்க.
@வண்டியூர், அதை விடுங்க. மாமாகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?

வண்டியூர் வலை:
ஞாயித்துக்கிழமை வர்றாரு. வலையில நாலு மணி குறையுதாம், அச்சை எடுத்து வெயில்ல வைக்கச் சொல்லிருக்காரு.