கரியில சுடுற திருக்கை மீனுக்கு அடியில வாழையிலை வேணுமா, வேணாமா?

கரிஅடுப்பு: "வாழையிலை சும்மா அலங்காரம், கம்பி வலையில நேரா போடுங்க"ன்னு மேல ஒருத்தர் எழுதியிருக்கார். ஈக்கான் பாக்கார் (மலேசியச் சுட்ட மீன்) கடை அடுப்புப் பக்கம் போயிருந்தா இப்படி எழுத வராது. மீன்மேல பூசுற மிளகாய்ச் சம்பல்ல சீனி, சின்ன வெங்காயம், எண்ணெய் எல்லாம் இருக்கு. எண்ணெய் கரியில சொட்டினா தீ எழும்பும். மேல கருகிடும், குருத்தெலும்பு ஓரம் பச்சையா நிக்கும். அதுக்குத்தான் இலை.

ஜொகூர்_மீன்: கருகுறது இலை இல்லாததால இல்ல, சம்பலை முதல்லயே பூசுறதால. உப்பும் மஞ்சளும் மட்டும் தடவி, எண்ணெய் தேய்ச்ச கவ்வு வலையை (மீனை ரெண்டு பக்கமும் பிடிக்கிற கம்பி வலை) நல்லா காய வச்சு மீனை வைங்க. சம்பல் கடைசி 3 நிமிஷம் போதும். இலையில வச்சா அது அவியல்.

கரிஅடுப்பு: அவியலா? கடைசி 3 நிமிஷத்துல சம்பல் மீன்மேல உக்காரும், உள்ள இறங்காது. திருக்கைச் சதை நார் நாரா பிரியும், திருப்பும்போது பாதி வலையோட போயிடும். இலையை முதல்ல அனல்ல வாட்டணும், இல்லேன்னா நரம்போட கிழியும். ரெண்டு அடுக்கு, நடுவுல எண்ணெய். ஓரம் கருகுற புகைதான் வாசம்.

பினாங்கு_வாசி: இலையை விடுங்க, மீன் புதுசா? திருக்கை உடம்புல யூரியா இருக்கு. செத்து நேரமானா அமோனியா நாத்தம் வரும். எந்த இலையும் மறைக்காது. தொட்டுக்கிற புளித்தண்ணி ஆயர் அசாம்ல பெலாச்சானை (இறால் விழுது) வறுக்காம கரைக்கிறாங்களே, அதைக் கேளுங்க.

கரிஅடுப்பு: லக்சா நூடுல்ஸ் பத்தின திரியில அசாம் கெப்பிங்கே (காய்ஞ்ச புளித்துண்டு) வேணாம்னு சண்டை போட்டது நீங்கதானே? புளியைப் பத்தி நீங்க பேசாதீங்க.

பினாங்கு_வாசி: லக்சாவை எதுக்கு இழுக்குறீங்க? நான் அப்படிச் சொல்லவே இல்ல.

சத்தே_பிரியன்: கடையில மீனுக்கு 100 கிராம் இவ்வளவுன்னு விலை எழுதிப் போட்டுட்டு, சுத்தம் பண்றதுக்கு முன்னாடி நிறுக்கிறாங்க. அதை யாரும் கேக்கல.

ஜொகூர்_மீன்: அதான் உண்மையான பிரச்சினை. கூடவே, இலை போட்டா புகை மீன்ல படாது. திரும்பவும் சொல்றேன், புகை படாது.

கரிஅடுப்பு: மேல்பக்கம் திறந்துதானே இருக்கு, ஏன் படாது? குவாலா செபெத்தாங் ஊர் பக்காவ் கரி (சதுப்புநில மரக் கரி) போட்டுப் பாருங்க. சுடர் அடங்கி அனல் நின்னு எரியும். ஒன்றரை அங்குலத் துண்டுக்கு இலையோட பக்கத்துக்கு 7, 8 நிமிஷம். திருப்பும்போது மேல இன்னொரு இலையை வச்சு மூடிக் கவிழ்க்கணும். இலை இல்லாம இதை எப்படித் திருப்புவீங்க?

ஜொகூர்_மீன்: கவ்வு வலையைத் திருப்புவேன். மீனைத் தொடவே வேணாம்.

கரிஅடுப்பு: வலையில பூசின சம்பல் எங்க போகும்? கரியிலதான். அதான் கேக்குறேன், இலை ஏன் வேணாம்?