திருப்பி அனுப்பப்பட்ட ஆத்தங்குடி

வளவுக்காரன், காரைக்குடி:

தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். செட்டிநாட்டு வீடுகளின் கட்டுமானக் கலையை விருப்பத்தாளாக வைக்கக் கேட்டு, போன மாதம் பாடத்திட்டக் குழுவுக்குப் பதினான்கு பக்கக் கோப்பு கொடுத்தேன். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடி டைல்ஸ் என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டு கிரெடிட் (தாளின் எடையைச் சொல்லும் அளவு), 30 மணி நேரம். பாதி வகுப்பில், பாதி பட்டறையில். பின்னாளில் இதையே பட்டயப் படிப்பாக வளர்க்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரைவும் சேர்த்திருந்தேன்.

வெளியிலிருந்து வந்த வல்லுநர் கோப்பைப் புரட்டிவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்: "வினாத்தாள் யார் எடுப்பார்? நீங்கள் போய்விட்டால் யார் நடத்துவார்?" அதற்குள் வடை வந்துவிட்டது. கோப்பு "திருத்தி அளிக்கவும்" என்று திரும்பிவிட்டது. இந்த மண்ணின் பாடத்துக்கு இந்த மண்ணிலேயே இடம் இல்லையா?

ஓய்வுபெற்ற வாத்தியார், தேவகோட்டை:

தம்பி, மண்ணைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லையே. வெளி உறுப்பினராகப் பல கல்லூரிகளில் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். துறைத் தலைவர், துறை ஆசிரியர்கள், கல்லூரியின் பாடங்களுக்கு ஒப்புதல் தரும் கல்விப் பேரவை நியமிக்கும் வெளி வல்லுநர் இருவர், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர் என்று ஆள் சேர்ப்பதே, துறைக்குள் பேசி முடித்ததை வெளிக்கண் ஒன்று பார்க்கட்டும் என்றுதான். வெளிக்கண் முதலில் பார்ப்பது கணக்கு.

வகுப்பு என்றால் 15 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். செய்முறை என்றால் 30 மணி நேரத்துக்குத்தான் ஒன்று. பட்டறையில் நீங்கள் போட்ட 15 மணி அரைக் கிரெடிட்தான் பெறும். ஆக உங்கள் தாள் ஒன்றரைக் கிரெடிட்டில் நொண்டுகிறது. இரண்டு வேண்டுமென்றால் வகுப்பு 15, பட்டறை 30 என்று மாற்றுங்கள்.

அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். ஒரு தாள் என்றால் பாடத்திட்டக் குழு பரிந்துரைத்து, கல்விப் பேரவை ஒப்புக்கொண்டால் முடிந்தது. படிப்பு என்றால் எத்தனை பேர் சேருவார்கள், சம்பளம் எங்கிருந்து வரும், அறை எது, நூலகத்தில் என்ன இருக்கிறது என்று கேள்வி வேறு வழியில் போகும். பெண் பார்க்க வந்த இடத்தில் பேரன் காதுகுத்துக்கு நாள் கேட்டால் என்ன சொல்வார்கள்?

வணிகவியல் ஆசிரியை, புதுக்கோட்டை:

ஐயா சொன்னது சரி. அவர் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். வாராந்தரக் கால அட்டவணையில் புதிதாக மணி முளைக்காது. உங்கள் தாளுக்கான மணி யாருடைய தாளிலிருந்து வருகிறது? அவர் அன்றைக்கு உங்கள் எதிரே உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார் என்று வையுங்கள். கூட்டத்துக்கு முன்பே அவரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டும். இதை எந்த விதிமுறையிலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

வளவுக்காரன், காரைக்குடி:

அவர் வடை தின்னவில்லை அம்மா, தேநீர் மட்டும்தான். மற்றபடி நீங்கள் சொன்ன ஆளேதான்.

நேற்று ஆத்தங்குடிக்குப் போயிருந்தேன். வேலைக்காரர் கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சாயச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றினார். அச்சை அசையாமல் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டுத் தேய்த்தார். சூளை கிடையாது, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைப்பதோடு சரி. மாணவனுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று கேட்டேன். "அச்சைத் தூக்கும்போது சாயம் ஒன்றோடொன்று கலந்ததா என்று பாருங்கள், கண்ணாடியைக் கழற்றினால் தெரிந்துவிடும்" என்றார். அகமதிப்பீட்டுப் பகுதியில் அதை அப்படியே எழுதிவிட்டேன்.

நடத்த இரண்டாவது ஆசிரியர்தான் இன்னும் கிடைக்கவில்லை. அந்தத் தேநீர்க்காரரிடமே நாளை கேட்கப்போகிறேன்.