முப்பந்தல் காற்றும் 11 எச்பியும்: பழைய ஜென்னில் பவர் கூடியதா?

வடசேரி ஜென்

அப்பா 1997-ல் வாங்கிய மாருதி ஜென் இன்னும் எங்கள் வீட்டில்தான் ஓடுகிறது. கார்ப்பரேட்டர் வண்டி, 993 சிசி, புதிதில் 50 எச்பி (குதிரைத்திறன்). போன மாதம் அதில் நான்கு வேலை செய்தேன். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர், புது பிளக், ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளை), பின்னால் புகை தடையில்லாமல் போகும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். பதினோராயிரத்துக்குள் முடிந்தது.

ஏப்ரலில், வேலைக்கு முன்னால், மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 கிமீ வேகம் எடுக்க 10.9 விநாடி ஆனது. இப்போது ஜூன் இரண்டாம் வாரம் 9.8. போன் செயலியில் எடையெல்லாம் கொடுத்துப் பார்த்தால் 61 எச்பி காட்டுகிறது. அதாவது 11 கூடியிருக்கிறது. இரண்டு தடவையும் ஒரே இடம்தான், ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் நேர்ரோடு, காவல்கிணறு நோக்கி. இந்த மாதிரி சின்ன வேலையால் பவர் ஒன்றும் கூடாது என்று இந்தக் குழுவில் பலர் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கை வைக்கிறேன்.

பத்மநாபபுரம் வாத்தியார்

தம்பி, அளந்து எழுதியதற்கு முதலில் நன்றி. "சும்மா பறக்குது" என்று எழுதாமல் விநாடி சொல்லியிருக்கிறீர்கள், அதனால் பேச முடிகிறது.

ஆனால் உங்கள் விநாடியே 11 எச்பியை ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியும் இரண்டு ஆளுமாக 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 40-லிருந்து 80-க்குப் போக அந்த எடைக்குக் கொடுக்க வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 1,67,000 ஜூல். 10.9 விநாடியில் கொடுத்தால் சராசரி 15.3 கிலோவாட். 9.8-ல் கொடுத்தால் 17. வித்தியாசம் 1.7 கிலோவாட், அதாவது 2.3 எச்பி. இதுவே வண்டி, காற்று, வெயில், ரோடு எல்லாம் இரண்டு நாளும் ஒன்றாக இருந்திருந்தால்தான்.

ஒன்றாக இருந்ததா? ஆனி, ஆடியில் முப்பந்தலில் என்ன காற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அத்தனை காற்றாலையும் அங்கே நிற்பது அதற்குத்தான். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். நீங்கள் ஓட்டியதும் அதே திசை. பின்னாலிருந்து 30 கிமீ காற்று தள்ளினால், 80-ல் போகும் இந்த அளவு காருக்கு 3 எச்பி வரை மிச்சமாகும். 60-ல் ஒன்றரைக்கு மேல். உங்கள் 2.3 மொத்தமும் காற்றாலைக்குப் போக வேண்டிய பவராக இருக்கலாம்.

இன்னொன்று. ஏப்ரலில் அளந்தபோது உங்களோடு வண்டியில் யார் இருந்தார்கள்?

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்

வாத்தியார் சார், கணக்கு கொள்ளாம். ஆனா வண்டி ஓட்டுகிறவன் காலுக்குத் தெரியும். நான் 26 வருஷமாக் கார்ப்பரேட்டர் கழற்றுகிறேன். ஜெட் மாற்றியதில் இந்தத் தம்பிக்கு நிச்சயம் பலன் இருக்கும்.

காரணம் சொல்கிறேன். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி வந்த காலத்தில் அப்படியொன்று கிடையாது. எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகப் போதும், அதனால் பழைய ஜெட்டில் காற்று மிஞ்சிக் கலவை மெலிந்துவிடும். புது வண்டியில் சென்சார் பார்த்துக் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும். கார்ப்பரேட்டருக்குக் கண்ணா இருக்கிறது? இழுவை குறையும், ஆக்சிலேட்டர் மிதித்தால் திணறும். ஒரு சைஸ் பெரிய ஜெட் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். புதிதாகப் பவர் வந்தது என்று சொல்லமாட்டேன், போனது வந்தது. ஆனால் ஓட்டுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கருங்கல், இப்போது ஓசூர்

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரோட்டில் அளப்பதே வீண் வேலை என்பது என் கட்சி. சக்கரத்தை உருளைமேல் சுழலவிட்டுப் பவர் அளக்கும் டைனோவில் ஏற்றாமல் பவர் பற்றிப் பேசக்கூடாது.

தம்பி ஒரு இடத்தில் சறுக்கியிருக்கிறார். 50 எச்பி என்பது இன்ஜினில் அளந்து கம்பெனி புத்தகத்தில் போட்ட எண். சக்கரத்துக்கு வரும்போது கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் தின்றது போக இருக்கும். பொதுவாக 15 சதவீதம் கழிப்பார்கள், அப்படியானால் நல்ல நிலையில் 42 வரலாம். செயலியோ ரோட்டில் கிடைத்ததோடு ஏதோ ஒரு இழப்பைத் தானே கூட்டி 61 என்கிறது. மாற்றும் முன்னால் அதே செயலி எவ்வளவு காட்டியது? அது தெரியாமல் புத்தக எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டு வேறு தராசில் நிறுத்த மாதிரி.

வடசேரி ஜென்

இரண்டு பேரும் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். செயலியை முன்னால் ஓட்டிப் பார்க்கவில்லை. 50 என்பது புத்தக எண்தான்.

ஏப்ரலில் சித்தப்பா மகன் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ எடுத்தான். ஜூனில் போனை டேஷ்போர்டில் ஸ்டாண்டில் வைத்து நான் மட்டும் போனேன். இது இவ்வளவு பெரிய விஷயமாகும் என்று நினைக்கவில்லை.

ஆனால் வண்டி மாறியிருப்பது உண்மை. கீரிப்பாறை ஏற்றத்தில் முன்பு இரண்டாவது கியரில் முக்கும், இப்போது முக்குவதில்லை. இதையும் காற்று என்பீர்களா?

பத்மநாபபுரம் வாத்தியார்

அந்தப் பையன் 70 கிலோ என்றால், அவன் இறங்கியதிலேயே முக்கால் விநாடிக்கு மேல் குறையும். எடையைத் திருத்திப் போட்டால் 2.3 எச்பி சுருங்கி அரை எச்பி ஆகிறது. காற்றை இன்னும் கழிக்கவே இல்லை. டேங்கில் 20 லிட்டர் கூடுதலா குறைவா என்பதே 15 கிலோ.

கீரிப்பாறை விஷயத்தைக் காற்று என்று சொல்லமாட்டேன். உண்மையில் நீங்கள் சொன்னவற்றிலேயே நல்ல சாட்சி அதுதான். ஏற்றம் மாறாது, புவியீர்ப்பும் மாறாது. 900 கிலோ வண்டி 60-ல் போகும்போது நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்ந்தாலே 2 எச்பி கூடுதலாக வேண்டும். ஒரே வளைவு, ஒரே எடை, ஒரே கியர், முழு மிதி, மேலே போய்ச் சேரும்போது என்ன வேகம் என்று எழுதி வைத்தால் அது அளவு. "முக்குவதில்லை" என்பது அளவு இல்லை. சைலன்சர் சத்தம் கூடினாலே வண்டி வேகமாகப் போவதாக மனசு நம்பும்.

ஓசூர் தம்பிக்கும் ஒன்று. டைனோவும் கடவுள் இல்லை. டயர் காற்று, கட்டும் பட்டையின் இறுக்கம், அறையின் சூடு எல்லாம் எண்ணை மாற்றும். 10 டிகிரி சூடு குறைந்தால் காற்றின் அடர்த்தி 3 சதவீதம் கூடும், 50 எச்பி இன்ஜினுக்கு அதுவே ஒன்று ஒன்றரை எச்பி. திருத்தக் கணக்கு போடுவார்கள், சரி. ஆனால் அங்கேயும் நம்பத்தக்கது ஒரே நாளில் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த வித்தியாசம்தான். அதை ரோட்டிலும் எடுக்கலாம். புதியதை அளந்து, பழையதை மாட்டி அளந்து, மறுபடி புதியதை மாட்டி அளக்க வேண்டும். மூன்றாவது எண் முதல் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த நாள் சோதனையே செல்லாது.

தோவாளை

அளவு விவாதத்துக்கு நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது பற்றியது. 1997 வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி புதுப்பிக்க வேண்டும். சத்தம் போடும் சைலன்சரோடு போய் நிற்காதீர்கள். ஜெட் பெரிதானால் புகைச் சோதனையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரோட்டில் அளப்பதாக இருந்தால் விடியுமுன் ஆள் இல்லாத நேரம் போங்கள், தயவுசெய்து.

வடசேரி ஜென்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வாத்தியார் சொன்னபடியே செய்தேன். கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் ஞாயிறு காலை ஐந்தே முக்கால், காற்று அடங்கியிருந்த நேரம். இரண்டு பேர், அரை டேங்க், டயரில் ஒரே காற்று. ஒவ்வொரு அமைப்புக்கும் இரு திசையிலும் மூன்று மூன்று ஓட்டம். ஸ்டாப்வாட்சை விட்டுவிட்டு ஸ்பீடாமீட்டர் முள்ளை வீடியோ எடுத்து, பிறகு ஃபிரேம் எண்ணி நேரம் எடுத்தோம். மீட்டர் கூட்டிக் காட்டினாலும் எல்லா ஓட்டத்திலும் ஒரே அளவுதான் கூட்டும்.

கூம்பு ஃபில்டர்: 10.5 விநாடி. பழைய பெட்டியும் புது பேப்பர் ஃபில்டரும்: 10.4. மறுபடி கூம்பு: 10.6. ஓட்டத்துக்கு ஓட்டம் 0.2 வரை ஆடுகிறது. கூம்பு ஃபில்டரால் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. எழுதும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் மார்த்தாண்டம் போனேன். அண்ணாச்சி டைமிங் லைட் வைத்துப் பார்த்துவிட்டு, பிளக்குக்குப் பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் ரொம்பப் பின்னால் நிற்கிறது, பொறி தாமதமாக விழுகிறது என்றார். திருப்பி வைத்து, டாப்பெட் (வால்வு இடைவெளி) சரிசெய்து கொடுத்தார். வேறெதையும் தொடவில்லை. அதே ரோடு, அதே நேரம், அதே ஆட்கள், பழைய பெட்டியோடு: 9.9.

பத்மநாபபுரம் வாத்தியார்

அரை விநாடி. உங்கள் ஆட்டம் 0.2, அதைவிடப் பெரிய வித்தியாசம். கணக்கில் சராசரியாக ஒரு எச்பிக்குச் சற்று மேல். இது வேறு நாள் எடுத்தது என்ற குறை மட்டும் உண்டு. ஆனாலும் இதை நான் நம்புகிறேன்.

கருங்கல், இப்போது ஓசூர்

40 முதல் 80 வரைக்கான சராசரி அது. உச்சத்தில் எவ்வளவு, எந்தச் சுற்றில் என்று இதில் தெரியாது. அதற்கு டைனோதான். முன்னும் பின்னும் ஒப்பிட இந்த முறை போதும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்

விடிகாலை ஓட்டத்தில் கூம்பு ஃபில்டர் தப்பித்துக்கொண்டது. மத்தியானம் மார்த்தாண்டம் நெரிசலில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு அளந்து பாருங்கள். பானட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை அப்படியே இழுக்கும், அப்போது 10.6-க்கும் மேல் போகும். பெட்டியைக் கம்பெனிக்காரன் சும்மா வைக்கவில்லை, வெளிக்காற்றை எடுக்கத்தான் அந்தக் குழாய்.

தம்பி, சைலன்சரை மட்டும் மாற்றி அளக்கவில்லையே?

வடசேரி ஜென்

பழைய சைலன்சரை இரும்புக்கடையில் போட்டுவிட்டேன் அண்ணாச்சி.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்

என் கடையில் ஒரு ஜென் சைலன்சர் கிடக்கிறது, ஓட்டை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வா, மாட்டித் தருகிறேன். ஞாயிறு காலை அளந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவா.

பத்மநாபபுரம் வாத்தியார்

இந்தத் தடவை மூன்று ஓட்டம் போதாது, ஐந்து எடுங்கள். நானும் வருகிறேன். என் எடை 64 கிலோ, உங்கள் தம்பிக்குப் பதில் நான் உட்கார்ந்தால் வித்தியாசத்துக்கு ஒரு தண்ணீர் கேன் வைத்துக்கொள்ளலாம்.