அப்பாவோட பாட்டுக் கிறுக்கு எனக்கு வந்துச்சு, எம்பொண்ணுக்கு ஏன் வரல?

திருப்பூர்_ஓவர்லாக்:

வணக்கங்க. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

எங்கப்பா பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். பாட்டு கத்துக்கிட்டவரெல்லாம் கிடையாது, ஆனா சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தா வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ரெக்கார்டிங் கடைக்குத்தான் போவாரு. ரூல் போட்ட பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதி, டிடிகே 90 கேசட் ஒண்ணோட குடுத்துட்டு வந்தா அடுத்த வாரம் பதிஞ்சு வெச்சிருப்பாங்க. சைடுக்கு 45 நிமிசம்ங்கறதால கடைசிப் பாட்டு எப்பவும் பாதில அறுந்துரும், இப்பவும் அந்தப் பாட்ட போன்ல முழுசா கேட்டா அந்த எடத்துல நின்னுரும்னு மனசு சொல்லுது.

இளையராஜா பாட்டுன்னா பல்லவி முடிஞ்சு சரணம் வர்றதுக்குள்ள ஒரு பிட்டு வருமில்லீங்க, அங்க வயலின் கூட்டமா உள்ள நுழையறப்ப சோத்துக் கையத் தூக்கி "இப்பப் பாரு"ம்பாரு. தினமும் இதே கூத்து. நான் ஆறாவது படிக்கிறப்பவே அந்த எடம் வந்தா எனக்கும் கை தானா தூக்கும். அப்பா போயி ரெண்டு வருசமாச்சு, டிரங்குப் பெட்டி நெறய கேசட்டு அப்படியே இருக்கு.

பொண்ணு நாலாவது படிக்கறா. அவளுக்கும் இது வரணும்னு ஆன்லைன்ல கீபோர்டு கிளாஸ் சேத்து விட்டேன், கீபோர்டு மட்டும் ஒம்பதாயிரம், மூணு மாசத்துல "எனக்கு மியூசிக்னாலே பிடிக்கல"ன்னு அழுதுட்டா. எங்க தப்பு பண்ணுனேன்?

கடலோரக்_கவுண்டர்பாஸ்:

அண்ணே நான் ராம்நாட் பக்கம். எங்க ஊர்ல அப்பல்லாம் சென்னை ஸ்டேஷன விட இலங்கை வானொலிதான் துல்லியமா கேக்கும், கடல் ஒண்ணுதான குறுக்க. அப்பா காலைல சேவிங் பண்ணிட்டே மர்பி ரேடியோவ வச்சுருவாரு, அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா பேசுற வேகத்துக்கு பிளேடு கன்னத்துல பட்டுடும். இன்னொரு அறிவிப்பாளர் அப்துல் ஹமீது குரல் வந்தா அம்மா அடுப்படில கரண்டிய நிறுத்திட்டு கேக்கும். எனக்கு யாரும் எதும் கத்துத் தரல, அவங்க கேட்டாங்க, நான் அந்த வீட்ல இருந்தேன், அவ்ளோதான்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன் கோவிச்சுக்காதீங்க. நீங்க இப்ப பாட்டு எதுல கேக்குறீங்க?

திருப்பூர்_ஓவர்லாக்:

ப்ளூடூத் இயர்போன் தாங்க. வண்டில போறப்ப, அப்பறம் நைட்டு எல்லாரும் தூங்குனப்பறம்.

கடலோரக்_கவுண்டர்பாஸ்:

அப்ப நீங்க பாட்டுக் கேக்குறவர்னு பாப்பாவுக்கு எப்படிண்ணே தெரியும்? அவ பார்த்ததெல்லாம் காதுல எதையோ மாட்டிக்கிட்டு கூப்பிட்டா திரும்பாத ஒரு அப்பாவ.

தஞ்சாவூர்_சீவாளி:

மேல சொன்னது சரிதான், ஆனா இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. எங்க வீடு நாதஸ்வர வீடு. தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லாரும் வாத்தியம். சின்ன வயசுல திருவாவடுதுறைல போயி சீவாளி வாங்கிட்டு வர்றது என் வேலை, அதான் நாதஸ்வரத்துல வாய் வச்சு ஊதுற பகுதி, நாணல்ல செய்றது, வாயில வச்சு ஊதிப் பார்த்து நல்லதா பொறுக்கணும். வாத்தியம் நரசிங்கம்பேட்டைல கடைஞ்சது, ஆச்சா மரம், 2022ல புவிசார் குறியீடு குடுத்தாங்களே அதே ஊருதான். விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி உக்கார வைப்பாங்க, தப்பா வாசிச்சா அடிதான். எனக்கு வாசிக்க வந்துச்சு, பிடிக்கல. எங்கப்பாவும் கடைசில "இது வேணாம்டா, முகூர்த்த நாள நம்பி உக்காந்திருக்காத"ன்னு அவரே இன்ஜினியரிங் சேத்து விட்டாரு.

ஆனா அவரு ராத்திரி கச்சேரி முடிச்சு வந்து, எல்லாரும் படுத்தப்பறம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ராக ரெக்கார்ட சின்ன சத்தத்துல போட்டுக் கேப்பாரு. யாருக்கும் கத்துக் குடுக்கறதுக்காக இல்ல, அவருக்காக. நான் தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு கேட்டுட்டு இருப்பேன். எனக்குள்ள ஒட்டிக்கிட்டது அந்தத் தோடிதான், அந்த நாலு மணிப் பயிற்சி இல்ல. அதனால கிளாஸ நிறுத்துனதுக்கு வருத்தப்படாதீங்க.

சரளிவரிசை_டீச்சர்:

25 வருசமா வீட்ல பாட்டு சொல்லிக் குடுக்கறேன். கிளாஸே வேண்டாம்னு தம்பி சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன், ஆனா இந்த கிளாஸ் வேண்டாம். முதல்ல கீபோர்டுல நம்ம கமகம் சரியா வராது, ஒரு ஸ்வரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கிண்டு போறது அதுல சுலபம் இல்ல. ரெண்டாவது, ஸ்க்ரீன்ல பார்த்து பட்டன் அமுக்கறது அந்த வயசுக்கு டைப்பிங் கிளாஸ் மாதிரிதான் இருக்கும். குழந்தைய பாட விடுங்கோ. பொண்ணுக்கு அஞ்சு, அஞ்சரை கட்டைல, அதாவது அவ குரலுக்கு ஏத்த உயரத்துல, ஸ்ருதி பாக்ஸ வச்சு, இல்லேன்னா போன்லயே தம்புரா ஆப் இருக்கு, சும்மா கூட உக்காந்து 'ச' பிடிக்கச் சொல்லுங்கோ. நீங்களும் பிடிக்கணும், அதான் முக்கியம். மாயாமாளவகௌளை ராகத்துல ஏன் ஆரம்பிக்கறோம்னா ச ரி க ம-க்கு நடுவுல என்ன இடைவெளியோ அதேதான் ப த நி ச-க்கும், பாதி பிடிபட்டா மீதியும் பிடிபட்டுடும்.

இப்படிப் பழகினப்பறமும் அவளே கேட்டா குழந்தைகளுக்கு கலை சொல்லிக் குடுக்கற அரசோட ஜவகர் சிறுவர் மன்றம் எங்க நடக்கறதுன்னு உங்க மாவட்டத்துல விசாரிங்கோ, ஃபீஸ் ரொம்பக் கம்மி. அரசு இசைப் பள்ளின்னா 12 வயசு ஆகணும், மூணு வருஷ கோர்ஸ்.

ரஹ்மானோட அப்பா ஆர்.கே.சேகர் 1976ல போனப்ப இவருக்கு ஒம்பது வயசுதான், உங்க பொண்ணு வயசு. உக்கார வச்சு பூராத்தையும் சொல்லிக் குடுக்க அவருக்கு எங்க நேரம் கிடைச்சிருக்கும். வாத்தியமெல்லாம் வீட்ல இருந்தது, அத வாடகைக்கு விட்டுத்தான் குடும்பமே ஓடித்து. எல்லாக் குழந்தையும் ரஹ்மான் ஆகும்னு சொல்ல வரல, கைக்கெட்டற தூரத்துல இருக்கணும்னு சொல்றேன். உங்காத்து கேசட் டிரங்குப் பெட்டிலன்னா இருக்கு?

திருப்பூர்_ஓவர்லாக்:

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு வாரமா எழுதல, காரணம் இருக்குது. அப்பாவோட பிலிப்ஸ் செட்ட எறக்கித் தொடச்சு, ஹெட்ட ஸ்பிரிட் போட்டு கிளீன் பண்ணி ஹால்ல வச்சேன். மொதல் கேசட்டே சிக்கிருச்சு. ரெனால்ட்ஸ் பேனாவ உள்ள விட்டு சுத்தறதப் பார்த்துட்டு பாப்பா வந்து உக்காந்தா, அவளுக்கு பாட்ட விட அந்த நாடாதான் அதிசயமா இருந்துச்சு. அட்டைல இருந்த லிஸ்ட்ட எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு "தாத்தா ஏன் எல்லாப் பாட்டுக்கும் ஸ்டார் போட்டிருக்காரு"ன்னா. வயலின் வர்ற எடத்துக்கு ஸ்டார்னு நெனச்சேன், ஆனா எனக்கும் சரியாத் தெரியலீங்க.

சைடு முடிஞ்சு பாட்டு அறுந்ததும் "யாரு நிறுத்துனது"ன்னு ஒரே சண்டை. மீதிய போன்ல போட்டுக் காட்டட்டுமான்னு கேட்டா வேண்டாங்கறா, மறுக்கா மொதல்ல இருந்து போடுங்கறா. கீபோர்ட ஓஎல்எக்ஸ்ல போட்டாச்சு.

இப்ப என்ன பிரச்சனைன்னா பாட்டு இழுக்குது, எஸ்பிபி குரல் மலேசியா வாசுதேவன் மாதிரி கேக்குது. செட்டுக்குள்ள சுத்தற ரப்பர் பெல்ட் தளந்திருச்சுன்னு நெனைக்கறேன். இங்க ரிப்பேர் கடைல இப்ப யாரும் இத தொடறதில்ல. எங்க கெடைக்கும்?

கடலோரக்_கவுண்டர்பாஸ்:

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடுனா கிடைக்கும்ணே. பழைய பெல்ட்ட தூக்கிப் போட்டுடாதீங்க, அளவு பார்க்கணும். நான் அடுத்த மாசம் சென்னை போறேன், போட்டோ அனுப்புங்க.