உடற்பயிற்சி உடையால் முதுகிலும் தோளிலும் வரும் பருக்களைத் தடுப்பது எப்படி?

பாளை ஓட்டக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். காவலர் தேர்வின் உடற்தகுதிக்காகப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஐந்து மாதங்களாக ஓடிவருகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் ஒரு நாளும் விடுவதில்லை. சித்திரை பிறந்ததிலிருந்து தோளிலும் மேல் முதுகிலும் பருக்கள் கிளம்பிவிட்டன. பையின் வார் படும் இடத்தில் மட்டும் கோடு போட்டாற்போல வரிசையாக இருக்கின்றன. உடலை ஒட்டிய பாலியெஸ்டர் டீ-ஷர்ட்டைத்தான் அணிகிறேன். ஓடி முடித்ததும் அந்த ஈரத்தோடே பையை மாட்டிக்கொண்டு பைக்கில் வேலைக்குப் போய்விடுவதால், மதியம் பார்த்தால் சட்டை முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு முதல் வாரம் நன்றாகக் கேட்டது, இப்போது முன்னைவிட அதிகமாகிவிட்டது. அம்மாவோ, "எல்லாம் உடம்புச் சூடு, நல்லா எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்கிறார். என்ன செய்யலாம்?

மேலப்பாளையம் கபடி:
தம்பி, நான் கபடி ஆடிய காலத்தில் எனக்கும் இதே தொந்தரவு இருந்தது. பையில் ஒரு மாற்றுச் சட்டையும் ஈரிழைத் துண்டும் வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே சட்டையை மாற்றிவிட வேண்டும். குளிக்க வழியில்லாவிட்டால் துண்டை நனைத்துப் பிழிந்து முதுகை ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். நான் பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொண்டவன்.

மருந்தாளுநர்:
வார் படும் இடத்தில் வரிசையாக வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உராய்வு, அழுத்தம், வெப்பம், காற்றுப் புகாத ஈரம் ஆகியவை ஒன்றுசேரும் இடத்தில் மயிர்க்கால்களின் வாய் அடைபட்டு வீங்குவதை மருத்துவத்தில் 'ஆக்னி மெக்கானிக்கா' என்பார்கள். மில்ஸ், கிளிக்மன் என்ற இரு அமெரிக்கத் தோல் ஆய்வாளர்கள் 1975-இல் இதை இப்பெயரில் விவரித்தார்கள். எனவே நீங்கள் அழுக்காக இருப்பதால் வந்தது என்று மனம் சுருங்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை சோப்புப் போடுவது தோலை வறளச் செய்து தொல்லையைக் கூட்டவே செய்யும்.

முதலில் அந்தக் களிம்பின் உறையை எடுத்துப் படியுங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டாசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. தொடக்கத்தில் சிவப்பை அடக்கிவிட்டு, தொடர்ந்து பூசும்போது தானே பருவை உண்டாக்கும், தோலையும் மெலியச் செய்யும். கடைக்காரனாக இருந்துகொண்டு இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு.

பருவுக்கு 2.5 அல்லது 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு உள்ள கழுவும் திரவத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்கும்போது தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவுங்கள். எரிச்சல் இல்லையென்றால் தினமும் பயன்படுத்தலாம். இது துணியின் சாயத்தை வெளுத்துவிடும். என் வீட்டு நீலத் துண்டு இப்போது மேகம் மிதக்கும் வானம்போல இருக்கிறது, ஆகவே வெள்ளைத் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். எண்ணெய்க் குளியல் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை, ஆனால் தேங்காய் எண்ணெய் மயிர்க்கால்களை அடைக்கக்கூடியது என்பதால் பரு அடங்கும்வரை முதுகில் பூச வேண்டாம். தலையில் வைத்த எண்ணெயும் வியர்வையோடு கழுத்து வழியாக முதுகுக்குத்தான் இறங்கும். ஓடப் போகும் காலையில் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

தாமிரபரணிக்கரை:
உடை பற்றி ஒரு சொல். பாலியெஸ்டரை விட்டுப் பருத்திக்கு மாறுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பக்கத்து வெயிலில் எனக்கு அது ஒத்துவரவில்லை. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரத்தை அப்படியே பிடித்துக்கொள்வதால், பத்தாவது நிமிடத்தில் நனைந்த சாக்குபோல முதுகில் ஒட்டிக்கொள்ளும். வியர்வையை வெளிப்புறம் கடத்தி விரைவில் உலரும் துணியைத் தளர்வான அளவில் வாங்குவதே என் கணக்கில் நல்லது. உங்கள் சட்டையில் துணியைவிட இறுக்கம்தான் பெரிய குற்றவாளி. இன்னொன்று, எங்கள் தெருவில் போர்த் தண்ணீர் உப்பு. சோப்புத்தூள் நுரைக்காததால் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டு அரைகுறையாக அலசுகிறோம். ஒருமுறை கூடுதலாக அலசி வெயிலில் உலர்த்துங்கள், மணத்துக்காகக் கடைசியில் ஊற்றும் திரவத்தை நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் போட்ட சட்டையைக் காயவைத்து மறுநாளும் போடுவது வேண்டவே வேண்டாம்.

பாளை ஓட்டக்காரன்:
அண்ணாச்சி, உறையைப் பார்த்தேன், குளோபெட்டாசால்தான். இன்றோடு நிறுத்திவிட்டேன். வரிசையாக இருப்பவற்றில் அரிப்பு இல்லை. நெஞ்சில் மட்டும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து, வியர்த்தால் கடுமையாக அரிக்கிறது. அதற்கும் இதே மருந்துதானா?

மருந்தாளுநர்:
இல்லை. ஒரே அளவில், அரிப்போடு நெஞ்சில் வருவது மலாசீசியா என்ற பூஞ்சையால் மயிர்க்கால்களில் ஏற்படும் அழற்சியாக இருக்கலாம். பார்வைக்குப் பருவைப்போலவே இருக்கும், ஆனால் பருவுக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரையால் இது அதிகரிக்கவும் கூடும். கீட்டோகொனசோல் போன்ற பூஞ்சை மருந்துக்குத்தான் இது அடங்கும். வேர்க்குருவாகவும் இருக்க வாய்ப்புண்டு என்பதால், எழுத்தில் படித்து நான் முடிவு சொல்வது சரியாகாது. ஸ்டீராய்டை நிறுத்தியதும் சில நாள் சிவந்து கூடுதலாகத் தோன்றலாம், பயந்து மீண்டும் பூசிவிடாதீர்கள். ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டு, அந்தக் களிம்பின் உறையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.