மௌனம் பார்த்து ஒலிப்பதிவை வெட்டியவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

பாம்பன்:
மௌனம் வரும் இடங்களில் ஒலிப்பதிவைத் தானாகத் துண்டு போடும் நிரல், பைத்தான் மொழிக்கான பைடப் தொகுப்பில் உள்ள ஸ்ப்ளிட்_ஆன்_சைலன்ஸ். அதை வைத்துத்தான் வெட்டினேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்ணால் கண்ட ஒரு ஆத்தாவை அவர் வீட்டில் வைத்துப் பதிந்தோம். "தண்ணி வாசப்படி ஏறுச்சு" என்று நிறுத்தினார். வெகுநேரம் பேச்சே இல்லை, தூரத்தில் அலை மட்டும். அப்புறம்தான் "தம்பியைக் காணோம்" என்றார். நிரல் அந்த இடைவெளியைத் தூக்கிவிட்டு இரண்டு பக்கமும் 100 மில்லிநொடி மட்டும் விட்டுவைத்தது. துண்டுகளைச் சேர்த்து ஓட்டினால் மீன் விலை சொல்வது மாதிரி ஒரே மூச்சில் சொல்கிறார். பேரன் கேட்டுவிட்டு, "எங்க ஆத்தா இப்படிச் சொல்லலையேண்ணே" என்றான். அது இன்னும் மனதைக் குடைகிறது.

கீழக்கரை:
நிரலைக் குறை சொல்லாதீர்கள். எவ்வளவு மௌனத்தை விட்டுவைப்பது என்று சொல்லும் கீப்_சைலன்ஸ் அமைப்புக்கு எண்ணுக்குப் பதில் ட்ரூ (ஆம்) என்று கொடுத்தால் எதுவும் போகாது, இடைவெளியைப் பாதிப் பாதியாக முன் துண்டிலும் பின் துண்டிலும் வைத்துவிடும். எனக்கு நடந்தது வேறு. மெல்லிய குரலில் பேசும் ஒரு பெரியவர், நிரலை ஓட்டினால் வெற்றுப் பட்டியல் வருகிறது. நாம் எதுவும் கொடுக்காவிட்டால் வரம்பு -16 டெசிபல், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அதற்கு மௌனம்தான். அவ்வளவு நேரம் மனம்விட்டுப் பேசியவருக்குத் திரையில் பூஜ்யம். வயிறு எரிந்தது.

தொண்டி:
எங்களுக்கு நேர் எதிர். ஆடி மாதக் கச்சான் காற்றில் கரைவலைக்காரர்களைக் கடற்கரையிலேயே பதிந்தது, மொத்தமும் ஒரே துண்டாக வந்தது. நாங்கள் ஓட்டியது எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, ஒளிக் கருவியில் மௌனத்தைக் கண்டுபிடிக்கும் சைலன்ஸ்டிடெக்ட். அது, எண் மாற்றாவிட்டால், -60 டெசிபலுக்குக் கீழே 2 நொடி இருந்தால்தான் மௌனம் என்று எடுத்துக்கொள்ளும். நம் கரையில் அது எங்கே கிடைக்கும்? கீழக்கரை சொல்வது வீட்டுக்குள் பதிந்ததற்குச் சரி, காற்றில் ட்ரூவும் உதவாது. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வரம்பை ஒரே எண்ணாக வைக்காதீர்கள், அந்தந்தப் பதிவின் சராசரி அளவிலிருந்து 14, 16 டெசிபல் கழித்து வையுங்கள். காற்றின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண், அதனால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ஹை பாஸ் (அதற்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலியைக் குறைக்கும் வடிகட்டி) போட்டுவிட்டு மௌனத்தைத் தேடுங்கள். முதலில் ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டிக் காதால் கேளுங்கள். அப்படியும் பிடிபடவில்லையா, சத்த அளவை விட்டுவிட்டுப் பேச்சையே தேடுகிற சிலேரோ விஏடி என்ற நிரலுக்குப் போய்விடுங்கள். மைக்குக்குக் காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் ரோம உறை இல்லாமல் கரைக்கு இறங்கவே வேண்டாம்.

பாம்பன்:
ட்ரூ போட்டேன், இடைவெளி அப்படியே இருக்கிறது, நன்றி. தொண்டி அண்ணே, ஹை பாஸ் போட்டால் பின்னால் கேட்கிற அலைச்சத்தம் மெலிந்துவிடாதா? எனக்கு அது வேண்டும்.

தொண்டி:
நகலுக்கு மட்டும் போடு தம்பி. அதில் பைடப்பிலேயே உள்ள டிடெக்ட்_நான்சைலன்ட் ஓட்டினால் பேச்சின் தொடக்கமும் முடிவும் மில்லிநொடியில் வரும், அந்த நேரங்களை வைத்து மூலப் பதிவை வெட்டு.