டிங்கரிங்குக்குத் தமிழ்: ‘கழற்றிப்பூட்டல்’ சரிவருமா?

சொல் தேடும் குழும உறவுகளுக்கு வணக்கம்.

பிள்ளைகள் பொருட்களைத் திறந்து பார்த்து, மாற்றி, கையாலே ஏதாவது செய்து பழகுவதை ஆங்கிலத்தில் டிங்கரிங் என்கிறார்களே, அதற்குத் தமிழ் என்ன என்று திருச்சி ஐயா போன கிழமை கேட்டிருந்தார். அதற்குள் நோண்டல், குடைவு, கைச்செய்கை, புனைகை, புத்தாக்கம் என்று ஐந்தாறு சொற்கள் வந்துவிட்டன. எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிங்கரிங் என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு முதலில் ஒன்று. இந்தியாவில் அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் இருக்கின்றன. அங்கே காது பழகியிருக்கும். இங்கே யாழ்ப்பாணத்தில் கதை வேறு. எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளோடு இருக்கிறேன். ஆரம்பத்தில் அறிவித்தல் பலகையில் ‘டிங்கரிங் வகுப்பு’ என்று எழுதிப் போட்டோம். முதல் கிழமையே ஒருவர் வந்து, “அண்ணை, ஹயஸ் வானின்ரை கதவு நெளிஞ்சு போச்சு, இஞ்சை தட்டி எடுப்பியளோ?” என்று கேட்டார். பகிடிக்குச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் டிங்கரிங் என்றால் நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் கராஜ் வேலை. ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லின் பழைய சொந்தக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைத்தவர்கள்தான். அப்படிப் பார்த்தால் ஹயஸ்காரர் அந்தச் சொல்லுக்கு எங்களைவிடக் கிட்டத்து உறவு.

புத்தாக்கம் வேண்டவே வேண்டாம். அந்தச் சொல் வந்தால் பின்னாலேயே மேடை, நடுவர், கேடயம், குழுப்படம் எல்லாம் வந்து நிற்கும். பழைய டோர்ச்லைட் ஒன்றைத் திறந்து அதன் ஆளி (சுவிட்ச்) எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற பிள்ளையிடம் போய், நீ புத்தாக்கம் செய்கிறாய் என்றால் அது கையை எடுத்துவிடும். நோண்டல் பரவாயில்லை, அதில் விளையாட்டுத்தனம் இருக்கிறது. ஆனால் அது திறப்பதோடு நின்றுவிடுகிறது. நோண்டியவன் திருப்பி ஒழுங்காக வைப்பான் என்று எந்த அம்மாவும் நம்புவதில்லை. குடைவு என்றதும் எனக்குக் காதுதான் நினைவுக்கு வருகிறது. இந்த வேலை நடக்கும் இடத்துக்கு ‘ஆக்கவெளி’ என்று கனடாவிலிருந்து அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அக்கா குறை நினைக்கக்கூடாது: இங்கே வெளி என்றால் வல்லை வெளி போன்ற வெறும் வெட்டவெளி. பிள்ளைகள் தொப்பியோடு வந்துவிடுவார்கள்.

சொல் தேடிக் களைத்த ஊர்தான் இது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றுக்கு ‘அங்காதிபாதம்’ என்று பெயர் வைத்தார்கள். 1875இல் வந்த நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ‘அம்’ கட்டி விட்டிருக்கிறார்கள்! அந்த முயற்சிக்கு நான் தலை வணங்குவேன், ஆனால் இரண்டு சொல்லும் இன்று புழக்கத்தில் இல்லை. வடமொழிப் பக்கம் போனதும் நிற்கவில்லை, ஆங்கிலத்தை வளைத்ததும் நிற்கவில்லை. இன்று நாங்கள் இரசாயனவியல் என்கிறோம், நீங்கள் வேதியியல் என்கிறீர்கள்.

எங்கள் பாடநூல் தமிழையும் நான் குறை சொல்லமாட்டேன். தடையி (ரெசிஸ்டர்), கொள்ளளவி (கப்பாசிட்டர்), இருவாயி (டயோட்) எல்லாம் கட்டையான, வாயில் நிற்கிற சொற்கள். எல்ஈடியை நாங்கள் ‘ஒளிகாலும் இருவாயி’ என்று படித்தோம். காலுதல் என்றால் உமிழ்தல். போன மாதம் தரம் 7 பிள்ளை ஒன்று அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “கால் ரெண்டு இருக்கிறபடியாத்தானே சேர் ஒளிக்கால்?” என்று கேட்டது. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. நீட்டுக் கால் பற்றரியின் நேர்ப்பக்கம் (+), கட்டைக் கால் மறைப்பக்கம் (−), மாற்றி வைத்தால் எரியாது என்று அது அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. பிழையான வேர்ச்சொல்லால் வந்த சரியான பாடம். பற்றவைக்காமல் உறுப்புகளைச் செருகிச் சுற்றுக் கட்டும் ப்ரெட்போர்டுக்கு நான் எந்தச் சொல்லும் முன்மொழியப் போவதில்லை. அந்தக் கால வானொலிக்காரர்கள் பாண், அதாவது ரொட்டி, வெட்டும் பலகையில் ஆணி அடித்துச் சுற்றுக் கட்டியதால் வந்த பெயர் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வகுப்பில் அது பாண்பலகை.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன்.

1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பற்றரியும் அரசு உள்ளே கொண்டுவர விடாத பொருட்களின் தடைப் பட்டியலில் இருந்தது. இரவுச் செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயரை ரேடியோவுக்குக் கொடுப்போம். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம் (ஏசி), ரேடியோ கேட்பது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் (டிசி). அப்படியே கொடுத்தால் உர்ர் என்ற இரைச்சல்தான். அடுத்த வீட்டு அண்ணை ஒருவர் செத்துப்போன ரேடியோ ஒன்றிலிருந்து நான்கு இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் கழற்றி இடையில் பூட்டினார். இரைச்சல் அடங்கிவிட்டது. சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைக்கும், அவ்வளவுதான். அந்த அண்ணை கம்பஸ் படித்தவர் இல்லை. அவரைப் பற்றி ஊரில் சொல்வது ஒரே வசனம்: “அவன் எதையும் கழட்டிப் பூட்டுவான்.” மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியதும் அப்படிப்பட்ட கைகளால்தான்.

ஆகவே என் முன்மொழிவு: கழற்றிப்பூட்டல். வினையாக, கழற்றிப்பூட்டு. பேச்சில் கழட்டிப் பூட்டு என்றே இருக்கட்டும். திறப்பது, பார்ப்பது, திருப்பி வைப்பது மூன்றும் அதற்குள் இருக்கின்றன. யாரும் அகராதி தூக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

மறுமொழி, திருச்சியிலிருந்து:

நண்பருக்கு வணக்கம். ஹயஸ் கதையை வீட்டில் படித்துக் காட்டினேன், சிரித்தார்கள். இங்கும் மெக்கானிக் கடைப் பலகையில் டிங்கரிங் என்றால் அதேதான்.

ஆனால் ‘பூட்டு’ எங்களுக்கு உதைக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளையிடம் கழற்றிப்பூட்டு என்றால், கழற்றிவிட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வா என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் மெக்கானிக்குகள் கழட்டி மாட்டுறது என்பார்கள், பிரிச்சு மாட்டுறது என்றும் சொல்வார்கள். ‘பிரித்துமாட்டல்’ என்று வைக்கலாமே?

இன்னொன்று. நீங்கள் சொல்வது ஏற்கனவே இருக்கும் பொருளுக்குத்தான் பொருந்தும். மைக்ரோபிட், ஆர்டுயினோ போன்ற நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்சுற்றுப் பலகைகளை வைத்துப் பிள்ளைகள் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒன்றைச் செய்கிறார்களே, அங்கே எதைக் கழற்றுவது? அப்புறம், இடத்துக்கு என்ன பெயர்? உங்கள் கணக்குப்படி ‘பூட்டறை’ என்று வந்தால் அது சிறைச்சாலை ஆகிவிடாதா?

மறுமொழி, யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, பூட்டு உதைக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன்.

உண் என்பது ஊட்டு ஆகிறது, காண் காட்டு ஆகிறது. அதே வழியில் பூண் என்பதன் பிறவினைதான் பூட்டு. ஒன்றை இன்னொன்று பூணும்படி செய்வது. ஏர் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். மணவறையில் மங்கல நாண் பூட்டும்போது யாரும் திறப்பை, உங்கள் சாவியை, தேடுவதில்லை. கதவுப் பூட்டு அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை மட்டும், வீடு முழுக்க அதற்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. இங்கே சைக்கிளுக்குச் சில்லுப் பூட்டுகிறோம், பட்டத்துக்குக் காற்றில் கூவுகிற விண் பூட்டுகிறோம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களைப் பார்த்தீர்களென்றால், பெட்டி பெட்டியாக, அசைகிற உறுப்புகளோடு, இரவில் விளக்கோடு. அதைக் கட்டுகிற பொடியன்களுக்கு நூலைப் பட்டத்தோடு இணைக்கும் முச்சை எந்த இடத்தில் விழவேண்டும் என்பது விரல் நுனியில் இருக்கும். முச்சை பிழைத்தால் பட்டம் குத்தும். காற்றியக்கவியல் என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் சாய்கிறேன், வருத்தத்தோடு. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலைக்கு ரோபோ செய்யும் பெட்டிகள் ஆறு வந்தன. கையளிப்பு வைபவம் நடந்தது, படம் எடுத்தார்கள், மறுநாள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பிள்ளைகள் உடைத்துப்போடுமாம். இரண்டு வருடம் கழித்து நான் கேட்டுப் போனபோது பெட்டிகளின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை, உள்ளே பற்றரி மட்டும் கசிந்திருந்தது. அந்த இடத்தில் பூட்டு என்பதற்கு நீங்கள் சொல்லும் பொருள்தான் சரி.

ஒன்றுமில்லாத இடத்திலிருந்து செய்வது பற்றி. பாதி ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பிள்ளை ஒன்று தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் கத்துகிற கருவி செய்தது. வீட்டில் மோட்டரைப் போட்டுவிட்டு எல்லாரும் மறந்துபோவார்கள், தாங்கி வழிந்து முற்றம் சேறாகும். இரண்டு வயரைத் தாங்கியின் மேல்விளிம்பில் தொங்கவிட்டது. தண்ணீர் தொட்டதும் அதனூடாகச் சின்ன மின்னோட்டம் போகும். எங்கள் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் நன்றாகவே கடத்தும். அந்தச் சின்ன ஓட்டத்தை ஒரு திரான்சிற்றர் பெருப்பித்து பஸரைக் கத்தவைக்கும். இது புதிதாகச் செய்ததுதான். ஆனால் பஸர் வந்தது தம்பியின் உடைந்த விளையாட்டு அம்புலன்சிலிருந்து. கழற்றாமல் அது கிடைத்திருக்காது. மற்றப்படி, புதிதாகச் செய்வதற்கு ‘செய்தல்’ என்ற சொல் போதும் என்பது என் கட்சி. பாடசாலைக்குக் கொடுக்கும்போது செயற்றிட்டம். எல்லாவற்றுக்கும் ஏன் முடி சூட்ட வேண்டும்? ஆர்டுயினோ என்பதே 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரத்தில் அதைச் செய்தவர்கள் கூடிய மதுக்கடையின் பெயர். யாரும் கலைச்சொல் குழு கூட்டவில்லை.

பிரித்துமாட்டல் உங்கள் ஊரில் வாழட்டும், எனக்குச் சண்டையில்லை. ஆனால் இங்கே பிரித்தல் என்றால் கூரை பிரிப்பது, பங்கு பிரிப்பது. மாட்டுவது ஆணியில் சட்டையை. இரண்டுக்கும் நடுவில் பொருளின் உள்வயிறு தெரியவில்லை.

இதற்கிடையில் போன சனிக்கிழமை சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். பிள்ளைகளிடம் எதையும் விளக்கவில்லை. பலகையில் ‘இன்று கழற்றிப்பூட்டல்’ என்று மட்டும் எழுதிவிட்டுத் திருப்புளிகளையும் (ஸ்க்ரூடிரைவர்) குறடையும் மேசையில் வைத்தேன். தரம் 8 பிள்ளை ஒன்று விளையாட்டுக் காரின் மோட்டரைக் கழற்றி, சோடாப் போத்தல் மூடியில் தகடு வெட்டிக் காற்றாடியாக்கிப் பற்றரியில் கொடுத்தது. காற்று முகத்துக்கு வராமல் பின்பக்கம் போனது. வயர் இரண்டையும் இடம் மாற்றியதும் முகத்தில் அடித்தது. “மாறிப் பூட்டினா மாறிச் சுத்துது!” என்று கத்தினாள். பக்கத்து மேசையில் இருந்தவன் உடனே தன்னுடையதையும் மாறிப் பூட்டினான். அவனுடையது எல்ஈடி, எரியவில்லை. ஏன் மோட்டர் மட்டும் ஒத்துக்கொள்கிறது என்று இரண்டு பேரும் பதினைந்து நிமிடம் வாக்குவாதப்பட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை. நான் கொண்டுபோன சொல்லிலிருந்து அவர்கள் இன்னொரு சொல்லை எடுத்துவிட்டார்கள்: மாறிப்பூட்டல். துருவம் மாற்றுதல் என்று நான் வருடக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான்.

பூட்டறை நல்ல பகிடி. பட்டறை என்று வைக்கலாமென்றால், இங்கே பயிற்சிப் பட்டறை என்ற பெயரில் கதிரையில் இருந்து பேச்சுக் கேட்டு, ரோல்ஸும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வருவதாகிவிட்டது. கொல்லனின் கம்மாலை எனக்குப் பிடிக்கும், ஆனால் நெருப்பில்லாத கம்மாலையைப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இப்போதைக்கு இடத்துக்குப் பெயர் வாசிகசாலைதான். பலகை எழுதுகிறவர் எழுத்துக்குக் காசு கேட்கிறார், கழற்றிப்பூட்டலுக்கு ஒன்பது எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்குப் பாதிக் காசு என்று பேசி முடித்திருக்கிறோம்.

பெற்றோர் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லவேண்டும்: சுவர்ப் பிளக்கில் செருகுகிற 230 வோல்ட் சாமான் எதையும் மின்னில் வைத்துத் திறக்க விடுவதில்லை. வயரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கழற்றல். பழைய கமராவின் பிளாஷும் போன் பற்றரியும் மேசைக்கே வரக்கூடாது.

அடுத்த சனிக்கிழமை காற்றாடிக்காரி வீட்டுக் கிரைண்டரைக் கொண்டுவரப் போகிறாளாம். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “திருப்பிப் பூட்டித்தானே சேர் கொண்டுபோவன்” என்றாள்.